இளம் சூப்பர்ஹீரோவின் இரண்டு வாழ்க்கை: கதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

இளம் சூப்பர்ஹீரோ கதை எழுத உட்காருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் சக்தியை யோசிக்கிறார்கள். அடுத்து வில்லன், அப்புறம் உடை. வீடும் பள்ளியும் கடைசியில் வந்து சேருகின்றன, சண்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்ப. படிக்கிறவருக்கு இது உடனே தெரிந்துவிடும். அவர் பள்ளிக் காட்சிகளைப் புரட்டித் தள்ளிவிட்டுச் சண்டைக்குப் போய்விடுவார்.

இந்த வழிகாட்டி எதிர்த் திசையில் போகிறது. முதலில் அன்றாட வாழ்க்கையை எழுதுகிறோம். அப்புறம், அந்த வாழ்க்கையையே தின்று வளரும் ஓர் அமானுஷ்ய ஆபத்தைக் கண்டுபிடிக்கிறோம். இரண்டும் தனித்தனியாக ஓடினால் அது ஒரே அட்டைக்குள் தைத்த இரண்டு கதைகள், அவ்வளவுதான். ஒன்று மற்றொன்றைத் தொடும் இடத்தில்தான் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்த வகைக் கதையின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். 1938 ஜூன் இதழில் சூப்பர்மேன் வந்தபோது நாயகன் முழு வளர்ந்த ஆள். 1940-இல் ராபின் வந்தான். சிறுவன்தான், ஆனால் பேட்மேனுக்குத் துணையாகத்தான் வந்தான். பள்ளிப் பையன் ஒருவன் தன் கதைக்குத் தானே நாயகனாக, வீட்டுக் கவலையும் பணக் கவலையுமாக நிற்பதை 1962 ஆகஸ்ட் இதழில் ஸ்பைடர்மேன்தான் நிலைநிறுத்தினான். அமானுஷ்யத்துக்கோ வேறொரு தடை இருந்தது. 1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட நெறிமுறை, ரத்தக் காட்டேரிகளையும் நடக்கும் பிணங்களையும் ஓநாய் மனிதர்களையும் அடியோடு விலக்கியது. 1971-இல் அது தளர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் இதழிலேயே ஸ்பைடர்மேன் ஒரு ரத்தக் காட்டேரியை எதிர்கொண்டான். அவனும்கூட ஆய்வு ஒன்று தவறிப்போய் அப்படி ஆன விஞ்ஞானிதான். கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன் இல்லை. இளம் நாயகனும் பேயும் ஒரே பக்கத்தில் சந்திக்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. எழுதிப் பார்க்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

முறையை விளக்க ஒரே ஒரு கதையைக் கடைசி வரை கூட்டிப் போகிறேன். நாயகிக்கு 16 வயது. யாழினி என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒரு வாரத்தின் அட்டவணை

சக்தி கிடைப்பதற்கு முந்தைய ஒரு சாதாரண வாரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள். கதையில் வராது என்று தோன்றுவதையும் எழுதுங்கள். யாழினி காலை ஆறரைக்கு எழுகிறாள். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு ஒன்பது வயதுத் தம்பியை இசை வகுப்பிலிருந்து கூட்டி வர வேண்டும். புதன் மாலை தோழியோடு சேர்ந்து அறிவியல் செயல்திட்டம். அம்மா வேலை முடிந்து வர எட்டு மணி ஆகும். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது.

இப்போது ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் வராவிட்டால் வேறு யாராவது காத்திருக்க வேண்டிய இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். இசை வகுப்பு வாசலில் தம்பி. நூலகத்தில் தோழி. இரவு வீட்டில் அம்மா. உங்கள் கதை இந்த வட்டங்களில்தான் நடக்கப் போகிறது. ‘பள்ளி வாழ்க்கை கடினமாக இருந்தது’ என்று ஒரு பத்தி எழுதுவதைவிட, ஐந்து ஐம்பதுக்குப் பூட்டிய இசைப்பள்ளியின் வாசலில் வயலின் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுவன் அதிகம் சொல்வான்.

அட்டவணையில் தூக்கத்தையும் போடுங்கள். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை. அந்த வயதில் உடலின் உள் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்வதால் இரவு சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழவும் முடியாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் எதிர்வினை வேகம், மது அருந்தியவரின் அளவுக்குக் குறைந்துவிடும். இரவெல்லாம் காவல் சுற்றும் நாயகி மூன்றாம் நாள் என்ன ஆவாள் என்று இதை வைத்தே கணக்குப் போடலாம். வகுப்பில் கண் திறந்தபடியே சில விநாடி தூங்கிவிடுவாள். சாலையைக் கடக்கும்போது வண்டியின் தூரத்தைத் தப்பாகக் கணிப்பாள். சண்டையில் தோற்பதற்கும் இதைவிட நம்பகமான காரணம் கிடைக்காது.

படி 2: சக்தியும் அதன் விலையும்

சக்தி ஒன்று போதும். அதன் விலை, படி 1-இல் வட்டமிட்ட இடங்களைத் தொட வேண்டும். ‘சக்தியைப் பயன்படுத்தினால் மூக்கில் ரத்தம் வரும்’ என்பது விலையே இல்லை; துடைத்தால் போய்விடும்.

யாழினி ஒரு கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால், தான் முன்பு எப்போதாவது திறந்திருக்கும் வேறொரு கதவு வழியாக வெளியே வரலாம். அவளுக்கு அது ஓர் அடி எடுத்து வைக்கும் நேரம். வெளியுலகில் அதற்குள் 20 நிமிடம் ஓடிவிடும். அந்த 20 நிமிடமும் அவள் எங்கேயும் இல்லை. கைபேசிக்கு அழைத்தாலும் கிடைக்க மாட்டாள்.

ஆக, இந்தச் சக்தி அவளை எப்போதும் தாமதமாக்குகிறது. ஒரு உயிரைக் காப்பாற்ற இரண்டு கதவு தாண்டினால் 40 நிமிடம் போச்சு. தம்பி வாசலில் நிற்கிறான். விலையைச் சரியாக வைத்துவிட்டால் ‘இரண்டு வாழ்க்கையையும் சமாளிக்க முடியாமல் திணறினாள்’ என்று நீங்கள் எங்குமே எழுத வேண்டியிருக்காது.

கைபேசி, இருப்பிடம் காட்டும் செயலி, தெருமுனைக் கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கு இந்தப் படியிலேயே பதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வாசகர் முதல் அத்தியாயத்திலேயே கேட்கிற கேள்வி அது. அவற்றை ஒழித்துக்கட்டுவதைவிடக் கதைக்குள் இழுப்பது நல்லது. யாழினியின் இருப்பிடம் வரைபடத்தில் திடீரென்று மறைந்து, 20 நிமிடம் கழித்து ஊரின் மறுகோடியில் தோன்றுகிறது. அதை முதலில் கவனிப்பது அம்மாவா, தோழியா?

படி 3: ஆபத்தின் விதிகள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. இருட்டு, புகை, சிவந்த கண்கள், பழங்காலச் சாபம் எல்லாம் வாசகர் பார்த்துச் சலித்தவை. பயம் தோற்றத்தில் பாதிகூட இல்லை. அதற்கு என்ன வேண்டும், அது எப்படி வரும், எங்கே வர முடியாது என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பயம் தானாக வரும். விதி தெரிந்தால்தானே, அந்த விதிக்குள் ஒருவர் கால் வைக்கும்போது வாசகருக்குப் பதறும்!

கேள்வியை இப்படிக் கேளுங்கள்: நாயகியின் அன்றாட வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் எந்த வலியை இது தின்னும்? யாழினியின் அட்டவணையில் வட்டமிட்ட மூன்று இடங்களிலும் யாரோ காத்திருக்கிறார்கள். அப்படியானால் காத்திருப்பவர்களைத் தேடி வருகிற ஒன்று. தம்பி அதற்கு ‘வாசல்காரன்’ என்று பெயர் வைக்கிறான். குழந்தை வைக்கிற பெயர் எளிமையாக இருப்பதால் பெரியவர்கள் வைக்கும் பெயரைவிட ஆழமாகப் பதியும்.

வாசல்காரன் தனியாகக் காத்திருப்பவரிடம் மட்டுமே வருவான். யாருக்காகக் காத்திருக்கிறார்களோ அவர் வரும் ஓசையோடு வருவான்: அதே காலடி, சாவி துளையில் திரும்பும் அதே சத்தம், அதே இருமல். காத்திருப்பவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டால் முடிந்தது. அவர் சாவதில்லை. யாருக்காகக் காத்திருந்தாரோ அந்த ஆளை மறந்துவிடுகிறார். மறுநாள் காலை நிம்மதியாக எழுவார், வேலைக்குப் போவார், அந்த ஒருவர் மட்டும் அவருக்கு அந்நியர். வாசல்காரனால் முடியாதது ஒன்று உண்டு: வர வேண்டியவர் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தவரை அவனால் ஏமாற்ற முடியாது.

நான்கே விதிகள். இவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். யாழினி வெளியே போய் ஒருவரைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார். அவள் சக்தியே அவனுக்குத் தீனி. அவள் மறைக்கும் ரகசியமே அவனுக்குத் திறந்த வழி. ஊரை அழிக்கப் போகிறான் என்று மிரட்ட வேண்டியதில்லை, அம்மா ஒரு நாள் இவளைப் பார்த்து “யாரும்மா நீ?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டால் போதும், இவள் உலகம் அழிந்துவிடும்.

விதிகளை வாசகருக்கு எப்படிச் சொல்வது என்பது தனிப் பாடம். எல்லாம் தெரிந்த கிழவர் ஒருவரையோ பழைய ஏட்டையோ கொண்டு வந்து மொத்தமாக விளக்கிவிடாதீர்கள். ஒரு விதிக்கு ஒரு சம்பவம், ஒரு இழப்பு. தோழி நூலகத்தில் தனியாகக் காத்திருந்த புதன்கிழமைக்கு அடுத்த நாள், அவள் யாழினியின் பக்கத்தில் உட்காராமல் வேறு இடம் தேடிப் போகிறாள். “இந்த சீட்ல யாராவது இருக்காங்களா?” என்று வேறொருத்தியிடம் கேட்கிறாள். இரண்டு விதிகளை வாசகர் அந்த ஒரு காட்சியிலேயே தாமாகப் புரிந்துகொள்வார்.

நடுவில் புதிய விதியைச் சேர்க்காதீர்கள். கடைசி அத்தியாயத்தில் ‘அவனுக்கு வெள்ளி ஆகாது’ என்று தெரியவந்தால், அதுவரை பயந்த வாசகர் தன் பயத்துக்காக உங்கள் மேல் கோபப்படுவார்.

படி 4: பொய்க் கணக்கு

நாயகி யாரிடம், எந்தத் தேதியில், என்ன பொய் சொன்னாள் என்று தனி நோட்டில் எழுதி வையுங்கள். இது கதைக்கு மட்டும் இல்லை, உங்கள் பிழைதிருத்தத்துக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் ‘கால் சுளுக்கு’ என்றவள் நான்காம் அத்தியாயத்தில் மாடிப்படியில் ஓடினால் வாசகர் பிடித்துவிடுவார். கதைக்குள் அம்மா பிடித்தால் இன்னும் நல்லது.

பொய் உடைவதைச் சத்தமில்லாமல் எழுதிப் பாருங்கள்:

“எங்க இருந்த?”

“லைப்ரரில.”

“லைப்ரரிய ஆறு மணிக்கு மூடிடுவாங்களே.”

“வெளிய படிக்கட்டுல உக்காந்து படிச்சேன்மா.”

அம்மா அவள் செருப்பைப் பார்த்தாள். ஈரம். மழை பெய்து மூன்று நாள் ஆகிறது.

“சரி, போய்ப் படு.”

அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாழினி இன்னொரு பொய் சொல்லித் தப்பியிருப்பாள். பெற்றோரை முட்டாளாக எழுதுவது இந்த வகைக் கதைகளின் பெரிய பலவீனம். ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளை ராத்திரி ஜன்னல் வழியாகப் போய் வருவதைக் கவனிக்காத அம்மா எப்படிப்பட்டவளாக இருப்பாள்? கவனித்தும் கேட்காத அம்மாவை எழுதுங்கள். அவள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு உங்களிடம் காரணம் இருக்கட்டும்: பதிலைக் கேட்கப் பயம், அல்லது மகள் தானாகச் சொல்வாள் என்ற நம்பிக்கை.

படி 5: உடம்பு பொய் சொல்லாது

அடி வாங்கிய நாயகி மறுநாள் துள்ளிக் குதித்தால் ஆபத்துக்கு மதிப்பே இல்லை. கன்றிப்போன காயத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. முதலில் சிவப்பு, ஒன்றிரண்டு நாளில் நீலமும் ஊதாவும், ஒரு வாரம் ஆகும்போது பச்சையும் மஞ்சளும், இரண்டு வார அளவில் மறையும். தேங்கிய ரத்தத்தை உடல் மெல்ல மெல்லச் சிதைக்கும்போது உண்டாகும் நிறங்கள் அவை. ‘நேத்து விளையாடும்போது விழுந்துட்டேன்’ என்று யாழினி சொல்லும்போது தோள்பட்டைக் காயம் மஞ்சளாகியிருந்தால், விளையாட்டு ஆசிரியைக்கு அது நேற்றைய காயம் இல்லை என்று தெரிந்துவிடும்.

சண்டை முடிந்த பிறகு வரும் நேரத்தை நிறையப் பேர் எழுதுவதே இல்லை. ஆபத்தின் நடுவே அட்ரினலின் ஓடும்போது வலி தெரியாது, பார்வை குறுகும், பக்கத்துச் சத்தங்கள் மங்கும். அது வடிந்ததும் கை நடுங்கும், வாய் உலரும், குமட்டும். அந்த நிலையில் அவள் தம்பியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பின்னங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பென்சிலைப் பிடிக்க முடியாமல், “நீயே எழுது, நான் சொல்றேன்” என்கிறாள். தம்பி பென்சிலைப் பார்க்கிறான், அப்புறம் அவள் கையைப் பார்க்கிறான். இரண்டு வாழ்க்கையும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

படி 6: யாருக்குத் தெரியும்?

ஒரே ஒருவருக்கு, கதையின் மூன்றில் ஒரு பங்குக்குள் தெரிந்துவிடட்டும். பேச ஆளில்லாத நாயகி தனக்குத் தானே பேசிக்கொண்டே இருப்பாள்; பக்கங்கள் கனத்துவிடும். இங்கே தம்பிதான் சரியான ஆள். சின்னப் பையன் என்பதால் ரகசியம் எந்நேரமும் வாய் தவறலாம். “அக்கா, நேத்து நீ அலமாரியிலேர்ந்து வந்த” என்று அவன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால்?

படி 7: மோதல்களை அடுக்குவது

இப்போதுதான் கதைச் சுருக்கம். அட்டவணையையும் விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே மணி நேரத்தில் கேட்கும் இடங்களைத் தேடுங்கள். முதல் மோதலில் அவள் ஊரைத் தேர்ந்தெடுக்கிறாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தம்பி மட்டும் அழுகிறான். அடுத்ததிலும் ஊரைத் தேர்ந்தெடுக்கிறாள், தோழியை இழக்கிறாள். மூன்றாவதில் பயந்துபோய் வீட்டிலேயே இருக்கிறாள். வேறொரு வீட்டில் ஒரு முதியவர் தன் மகனை மறக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு என்று ஆன பிறகுதான் அவள் மூன்றாவது வழியை யோசிக்க வேண்டிய கட்டாயம் வரும்.

தற்செயலாகத் தேர்வு நாளன்றே வில்லன் வந்தான் என்று எழுதுவதை ஒரு முறை மட்டும் வாசகர் மன்னிப்பார். தேர்வு முடிவுக்காக ஊரே காத்திருக்கும் இரவு வாசல்காரன் வருவது தற்செயல் இல்லை. அவனுக்கு அதுதான் அறுவடைக் காலம்.

படி 8: சண்டையும் இயற்பியலும்

சண்டைகளைக் குறைத்து, ஒவ்வொன்றும் எதையாவது மாற்றும்படி எழுதுங்கள். சக்தி கற்பனையாக இருக்கலாம்; அதைச் சுற்றியுள்ள உலகம் உண்மையாக இருக்கட்டும். 44 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் 3 விநாடியில் தரையைத் தொடுவார், அப்போது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். நடுவழியில் திடீரென்று பிடித்து நிறுத்தினாலும் அந்த வேகம் உடம்பில் எங்காவது இறங்கியே தீரும். 1973-இல் ஸ்பைடர்மேன் தன் காதலியை வலைநூலால் பிடித்தும் அவள் இறந்துபோன கதை இத்தனை ஆண்டுகளாகப் பேசப்படுவதற்கு இந்தக் கொடூரமான எளிய கணக்கும் ஒரு காரணம். உங்கள் நாயகி 3 விநாடியில் ஒரு வாக்கியம்தான் பேச முடியும், நீண்ட வசனம் பேச முடியாது என்பதும் இதே கணக்கில் வருகிறது.

படி 9: மொழியும் பக்கமும்

உரையாடல் பேச்சுத் தமிழில், விவரணை எழுத்துத் தமிழில் என்பது நன்றாக வேலை செய்யும். அமானுஷ்யப் பாத்திரத்துக்கு மட்டும் செந்தமிழ் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் தவிர்த்துவிடுங்கள், நாடக மேடை வாசனை வந்துவிடும். வாசல்காரன் காத்திருப்பவர்களின் சொற்களைத்தான் பேச வேண்டும். கதவுக்கு வெளியே அம்மாவின் குரலிலேயே “இன்னும் வரலையே, இன்னும் வரலையே” என்று மெல்லக் கேட்டால் எந்த முழக்கமும் தேவைப்படாது.

காமிக்ஸாக எழுதினால், ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் என்று தொடங்குங்கள். பேச்சுக் குமிழுக்குள் தமிழை அடக்குவது தனிக் கலை. ‘காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்’ என்ற ஒரே சொல் குமிழின் அகலத்தைத் தாண்டி உடைந்து நிற்கும். வினையைச் சுருக்குங்கள், வாக்கியத்தை இரண்டாக்குங்கள், எழுதியதும் கட்டம் வரைந்து கையால் எழுதிப் பாருங்கள். அச்சிடும் காமிக்ஸில் திடுக்கிடும் காட்சியைப் பக்கம் திருப்பியதும் வரும்படி வையுங்கள்: கதவுப் பிடி திரும்புவது வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம், கதவுக்குப் பின்னால் இருப்பது அடுத்த பக்கம்.

படி 10: முடிவும் திருத்தமும்

முடிவுக்கான விதை விதிகளிலேயே இருக்கிறது. வர வேண்டியவர் எங்கே என்று தெரிந்தவரை வாசல்காரனால் ஏமாற்ற முடியாது. ஆகவே யாழினியின் கடைசி ஆயுதம் உண்மை. கடைசி இரவு, கதவுக்குள் நுழையும் முன் அவள் அம்மாவை அழைக்கிறாள். “அம்மா, நான் இப்போ தண்ணித் தொட்டி மேல இருக்கேன். இன்னும் 20 நிமிஷம் நான் எங்கயும் இருக்க மாட்டேன். அப்புறம் நம்ம சமையலறைக் கதவு வழியா வருவேன். வேற எந்தக் கதவு தட்டினாலும் திறக்காத.” அம்மா நம்புவாளா? ஈரச் செருப்பிலிருந்து அவள் சேர்த்து வைத்திருக்கும் சந்தேகங்கள் எல்லாம் இந்த இடத்தில் அவளுக்குக் கை கொடுக்கும். அம்மா கேட்காமல் விட்ட கேள்விகளை முன்பே எழுதி வைத்தது இதற்காகத்தான்.

ஆனால் வெற்றிக்கும் விலை இருக்கட்டும். உண்மை தெரிந்த அம்மா இனி அவளை வெளியே விடாமலும் இருக்கலாம். தோழிக்கு நினைவு திரும்பக் கூடாது என்பது என் கருத்து. திரும்பினால் விதி பொய்யாகிவிடும். யாழினி அவளோடு புதிதாகத்தான் பழக வேண்டும். இரண்டாம் கதைக்கு அங்கே ஒரு கதவு திறந்தே இருக்கும்.

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு வண்ணப் பென்சில்களை எடுத்து, அன்றாட வாழ்க்கை வரும் வரிகளை ஒரு நிறத்திலும் அமானுஷ்யம் வரும் வரிகளை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். பத்துப் பக்கம் ஒரே நிறத்தில் ஓடினால் அங்கே கதை பிளந்திருக்கிறது. இரண்டு நிறமும் ஒரே பத்தியில் கலக்கும் இடங்களை எண்ணுங்கள், அடுத்த வரைவில் அவற்றைக் கூட்டுங்கள். அப்புறம் நாயகியின் வயதை ஒத்த ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, ‘பிடித்ததா?’ என்று கேட்காமல், ‘வாசல்காரன் உன் வீட்டுக்கு வந்தால் யாரிடம் வருவான்?’ என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னால் விதிகள் புரிந்துவிட்டன. தயங்கினால், படி 3-க்குத் திரும்பிப் போய் அந்தச் சம்பவங்களை மறுபடி எழுதுங்கள்.